பொருள்: பொதிக்கல்லறையா, சிப்பக்கல்லறையா?

மொழிபெயர்ப்பாளர்:
அனைவருக்கும் வணக்கம். பயண நூல் ஒன்றை வெள்ளிக்கிழமைக்குள் முடித்துக் கொடுக்க வேண்டும். ஒரு சொல்லில் நிற்கிறேன். இங்கிலாந்தில், ஆக்ஸ்போர்டுஷையரின் பர்ஃபோர்டு, கம்பளி வணிகத்தில் செழித்த சிற்றூர். அங்குள்ள திருமுழுக்கு யோவான் ஆலய முற்றத்தில் 17, 18ஆம் நூற்றாண்டுக் கல்லறைகள் இருக்கின்றன. சுண்ணாம்புக்கல்லில் பெட்டி போன்ற அமைப்பு. அதன்மேல் படுக்கவைத்த அரை உருளை, அதில் வரிவரியாகப் பள்ளம். பெயர் 'பேல் டூம்ப்'. தமிழில்?

ஜவுளிக்காரர்:
பேல் என்றால் சிப்பம். நூல் கடையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சிப்பக்கல்லறை. முடிந்தது.

தமிழாசிரியர்:
அரிசிக்கும் சிப்பம்தானே தம்பி? கல்லறையில் மளிகை வாடை வேண்டாம். பொதி இருக்கிறது. பொதிதல் என்றால் உள்ளடங்குதல். மணிமேகலையில் 'பொதியறை' வருகிறது, சாளரமில்லா அறை என்ற பொருளில். கல்லறைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் உண்டா? பொதியில் மலையும் இவ்வேரே எனக் கருதுகிறேன்.

ஜவுளிக்காரர்:
ஐயா, அது பொது இல் என்று சென்ற ஆண்டு நீங்களே எழுதினீர்கள்.

தொல்லியல் மாணவி:
மலையை விட்டுவிடுவோம், ஐயா. அந்தக் கற்பெட்டிக்குள் உடல் கிடையாது. அது வெற்றுக்கூடு, உடல் அடியில், மண்ணில். ஆகவே பொதியறையும் பொருந்தாது, உடல் வைக்கும் பெட்டியைக் குறிக்கும் ஈமப்பேழை என்ற சொல்லும் பொருந்தாது. மேலும், அந்த உருளை கம்பளிப் பொதி என்பதே ஊரார் சொல்லும் விளக்கம். சவப்பெட்டிமேல் துணி போர்த்த நிறுத்திய வளைவுச் சட்டத்தின் கல்வடிவம் என்போரும் உண்டு. 'உருளைமுடிக் கல்லறை' என்றால் கண்ணில் படுவதை மட்டும் சொன்னதாகும்.

ஜவுளிக்காரர்:
உருளை என்றதும் எனக்குக் கிழங்குதான் நினைவுக்கு வருகிறது.

தமிழாசிரியர்:
ஊர் வழங்கும் பெயரைத்தானே பெயர்க்கிறோம்? பெயர்க்காரணம் பிழையென்றால் அது அவர்கள் பாடு. கம்பளித் தொழிலைக் காக்கப் பிணத்தையும் கம்பளியில் சுற்றியே புதைக்க வேண்டும் என்று 1666இல் சட்டம் போட்ட நாடு அது. பொதி இருக்கட்டும்.

மொழிபெயர்ப்பாளர்:
நன்றி. பொதிக்கல்லறை என்றே போட்டுவிட்டேன். வளைவுச் சட்டம் அடிக்குறிப்பில் போகிறது.

ஜவுளிக்காரர்:
என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். பொதி என்றால் வாசகர் கழுதையைத் தேடுவார்.