இலை வட்டுச் சோதனையில் 1 சதவீதக் கரைசல் மட்டும் ஏன் இப்படி?

பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு, கார்பன் டை ஆக்சைடு கூடினால் ஒளிச்சேர்க்கை வேகம் எப்படி மாறும் என்று காட்டப் பார்க்கிறேன். பாலக்கீரையைக் காகிதம் துளைக்கும் பஞ்சிங் மெஷினில் வட்டு வட்டாக வெட்டி, ஊசி இல்லாத சிரிஞ்சில், கார்பன் டை ஆக்சைடு தருவதற்கான ஆப்ப சோடா கரைசலோடு போட்டு, வாயை விரலால் அடைத்துப் பிஸ்டனை இழுத்தால் இலைக்குள் இருக்கும் காற்று வெளியேறி வட்டுகள் மூழ்கிவிடுகின்றன. அப்புறம் வெளிச்சத்தில் வைத்தால் ஆக்சிஜன் சேர்ந்து மேலே வரவேண்டும். ஒரு சொட்டுச் சோப்புக் கரைசலும் விடுகிறேன், இல்லையென்றால் மூழ்கவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும்.

வெறும் தண்ணீரில் ஒன்றுகூட மிதக்கவில்லை, சரி. பத்தில் ஐந்து வட்டு மிதக்க 0.2 சதவீதத்தில் 9 நிமிடம், 0.5-இல் 7 நிமிடம். ஆனால் 1 சதவீதத்தில் 12 நிமிடம் ஆகிறது! மூன்று தடவை செய்தும் இதே கதைதான்.

சோடா கூடும்போது காரத்தன்மையும் உப்பும் சேர்ந்து இலையைப் பாதிக்கிறதா, அல்லது நான் கடைசியில் முற்றின இலையை எடுத்துவிட்டேனா? பிஎச் (அமில-கார அளவு) மாறாமல் கார்பன் டை ஆக்சைடை மட்டும் கூட்ட, பள்ளி ஆய்வகத்தில் முடிகிற வழி ஏதாவது இருந்தால் சொல்லுங்கள். ஹைட்ரில்லா நீர்ச்செடியில் குமிழி எண்ணச் சொல்லாதீர்கள், ஒரு குமிழி கடுகு அளவு, இன்னொன்று மிளகு அளவு. திங்கட்கிழமை வகுப்பு.