மாரத்தான் ஓடிய மறுநாள் ரத்தத்தில் எம்.டி.ஏ. எகிறியிருக்கிறது, வைட்டமின் மாத்திரை போடலாமா?

விடிகாலை_ஓட்டம்
வணக்கம். வயது 41, சென்னை. ஜனவரியில் ஃபுல் மாரத்தான் ஓடினேன். ஆபீசில் கொடுத்த ஹெல்த் செக்கப் கூப்பன் கையில் இருந்ததால் மறுநாள் காலையிலேயே போய் ரத்தம் கொடுத்தேன். ரிப்போர்ட்டில் ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ் (ஃப்ரீ ராடிக்கல்களால் செல்களுக்கு வரும் பாதிப்பாம்) என்று தனியாக ஒரு பக்கம். அந்தப் பாதிப்பைக் காட்டும் எம்.டி.ஏ. சிவப்பில், உடலே தயாரிக்கும் ஆன்டிஆக்ஸிடன்டான குளுடாதயோன் குறைவு, ஆனால் மொத்த ஆன்டிஆக்ஸிடன்ட் திறன் மட்டும் நார்மலை விட அதிகம். முரணாக இல்லையா? கூடவே சி.கே. (தசை நொதி), எஸ்.ஜி.ஓ.டி., யூரிக் ஆசிட் மூன்றும் ஏறியிருக்கின்றன. லேபிலிருந்து போன் பண்ணி வைட்டமின் சி 1000 மி.கி., வைட்டமின் ஈ 400 யூனிட் தினமும் எடுக்கச் சொல்கிறார்கள். வீட்டில் ஓடுவதையே நிறுத்து என்கிறார்கள். என்ன செய்யலாம்?

மெதுநடை_மன்னன்
போடுங்கள் பாஸ். வைட்டமின் சி தண்ணீரில் கரைவதுதானே, அதிகமானால் சிறுநீரில் போய்விடும்.

சென்ட்ரிஃப்யூஜ்_அக்கா
பயோகெமிஸ்ட்ரி படித்து லேபில் வேலை பார்க்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். 42 கி.மீ. ஓடிய மறுநாள் எடுத்த ரத்தத்தை ஓடாதவர்களை வைத்துப் போட்ட நார்மலோடு ஒப்பிட்டால் சிவப்பு வரத்தான் செய்யும். வேலை செய்யும் தசையிலும், சேதத்தைச் சரிசெய்ய வரும் வெள்ளணுக்களிலும் ஃப்ரீ ராடிக்கல் (எதையும் எளிதில் தாக்கும் நிலையற்ற மூலக்கூறு) கூடுகிறது, அது செல்சவ்வின் கொழுப்பைத் தாக்கும்போது மிஞ்சுவதுதான் எம்.டி.ஏ. அதிலும் வழக்கமாக லேபில் செய்யும் முறை சர்க்கரை, வேறு ஆல்டிஹைடுகள் எல்லாவற்றையும் சேர்த்து எம்.டி.ஏ. என்றே காட்டிவிடும். குளுடாதயோன் இன்னும் மோசம், ரத்தம் எடுத்தவுடன் பக்குவப்படுத்தாவிட்டால் குழாய்க்குள்ளேயே ஆக்ஸிஜனேற்றம் ஆகிவிடும்.

நீங்கள் முரண் என்று சொன்னதற்குப் பதில் உங்கள் ரிப்போர்ட்டிலேயே இருக்கிறது: யூரிக் ஆசிட். கடும் ஓட்டத்தில் செல்லின் எரிபொருளான ஏ.டி.பி. சிதைந்து யூரிக் ஆசிட் ஏறும், மொத்தத் திறன் சோதனையில் பெரும்பங்கு அதனுடையதுதான். ஆகவே அந்த எண் கூடியதைப் பார்த்துச் சந்தோஷப்படவும் வேண்டாம்.

மாத்திரை விஷயத்தில் லேப் சொன்னதை நான் ஏற்கவில்லை. 2009இல் ஜெர்மனியில் இதே அளவு சி, ஈ நான்கு வாரம் கொடுத்துப் பயிற்சி செய்ய வைத்தார்கள். மாத்திரை எடுக்காதவர்களுக்கு இன்சுலின் உணர்திறன் மேம்பட்டது, எடுத்தவர்களுக்கு இல்லை. காரணம், அந்த ஃப்ரீ ராடிக்கல்தான் ‘இன்னும் மைட்டோகாண்ட்ரியா (செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் உறுப்பு) வேண்டும்’ என்று தசைக்குப் போகும் தகவல், அதை அமுக்கினால் பயிற்சியின் பலனும் சேர்ந்து அமுங்குகிறது. 2014இல் நார்வேயிலும் சி, ஈ எடுத்துப் பயிற்சி செய்தவர்களுக்கு மைட்டோகாண்ட்ரியா அடையாளங்கள் மட்டுப்பட்டன, ஆனால் வி.ஓ.2 மேக்ஸ் (உடல் அதிகபட்சமாகப் பயன்படுத்தும் ஆக்ஸிஜன் அளவு) இரு குழுவிலும் ஏறக்குறைய ஒன்றாகவே கூடியது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஹவாய் கோனா டிரையத்லானில் இரண்டு மாதம் தினமும் 800 யூனிட் வைட்டமின் ஈ எடுத்தவர்களுக்குக் கொழுப்பு ஆக்ஸிஜனேற்றம் குறையவில்லை, கூடியது! அமெரிக்காவில் 50 கி.மீ. ஓடியவர்களிடம் சி, ஈ சேர்த்துக் கொடுத்தபோது கொழுப்பு ஆக்ஸிஜனேற்றம் குறைந்தது, ஆனால் தசைச் சேதம் அப்படியே இருந்தது. எண்ணை இறக்கினால் கால் வலி இறங்கிவிடாது.

மன்னன் சார், சிறுநீரில் போவது உண்மைதான், போகும் வழியில் கொஞ்சம் ஆக்ஸலேட்டாகவும் மாறும், சிறுநீரகக் கல் வந்தவர்களுக்கு அது ஆகாது.

விடிகாலை_ஓட்டம்
நன்றி அக்கா. அப்படியானால் எஸ்.ஜி.ஓ.டி.? அது லிவர் டெஸ்ட் ஆயிற்றே, மனைவி பயந்துபோய் இருக்கிறாள்.

வார்டு_டியூட்டி
மருத்துவன்தான், ஆனால் உங்களைப் பார்க்காமல் சொல்கிறேன், அதை நினைவில் வையுங்கள். எஸ்.ஜி.ஓ.டி. தசையிலும் நிறைய இருக்கிறது. சி.கே.யும் சேர்ந்து ஏறியிருப்பதால் அது தசையிலிருந்து வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். ஜி.ஜி.டி. என்ற லிவர் நொதியைப் பாருங்கள், அது தசையில் கிடையாது, நார்மலாக இருந்தால் பாதி பயம் போய்விடும். ஒரு வாரம், பத்து நாள் கடும் ஓட்டம், ஜிம் எதுவும் இல்லாமல் திரும்ப எடுங்கள், சி.கே. அதற்குள் நன்றாக இறங்கியிருக்க வேண்டும்.

சிறுநீர் கோலா நிறத்தில் போனாலோ, அளவு குறைந்தாலோ, தசை வீங்கி வலி கூடிக்கொண்டே போனாலோ காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் பார்க்க வேண்டும். கால் வலிக்கு ஐபுப்ரோஃபென் வகை மாத்திரை போட்டுக்கொள்ளாதீர்கள், ஓடிக் களைத்த சிறுநீரகத்துக்கு அது கூடுதல் சுமை. கொய்யா, நெல்லிக்காய் தாராளமாகச் சாப்பிடலாம்.

விடிகாலை_ஓட்டம்
சிறுநீர் சாதாரணமாகத்தான் போகிறது, வலியும் குறைந்துகொண்டு வருகிறது. அடுத்த வாரம் திரும்ப எடுக்கிறேன். முழுப் பேக்கேஜும் எடுக்கவா?

சென்ட்ரிஃப்யூஜ்_அக்கா
வேண்டாம். சி.கே., எஸ்.ஜி.ஓ.டி., ஜி.ஜி.டி., கிரியேட்டினின், யூரிக் ஆசிட் போதும். எம்.டி.ஏ.வுக்கு இன்னொரு முறை காசு கொடுக்காதீர்கள், ஓடுவதற்கு முந்தைய அளவு கையில் இல்லாதபோது அந்த எண்ணை எதோடு ஒப்பிடுவீர்கள்?