இருவரும் கும்பிடுவது ஒரே ஆண்டவரைத்தானா?

கொட்டாஞ்சேனை டீச்சர்:
ஞாயிறு பூசைக்குப் பிறகு பெரிய பிள்ளைகளுக்கு மறைக்கல்வி நடத்துகிறேன். போன வாரம் ஒரு பையன் எழும்பி, "டீச்சர், என்னோட ரியூஷனுக்கு வாற முஸ்லிம் கூட்டாளி தொழுறதும் எங்கட ஆண்டவரைத்தானா?" என்று கேட்டான். 2019 ஏப்ரல் 21 அன்று கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் வெடித்த உயிர்ப்பு ஞாயிறு குண்டில் சொந்தத்தைப் பறிகொடுத்த வீட்டுப் பிள்ளைகளும் அந்த வகுப்பில் இருக்கிறார்கள். "எல்லா மதமும் அன்பைத்தான் சொல்லுது" என்று அவர்களிடம் சொல்லி முடிக்க எனக்கு மனமில்லை. நம் விசுவாசத்துக்குள்ளேயே இதற்கு அடிப்படை இருக்கிறதா?

பழைய குருமட மாணவன்:
இருக்கிறது டீச்சர். நம் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் வெளியிட்ட 'லூமன் ஜென்சியும்' என்ற ஏட்டின் 16ஆம் பத்தியைப் பாருங்கள். முஸ்லிம்கள் நம்மோடு சேர்ந்து இரக்கமுள்ள ஒரே கடவுளை வழிபடுகிறார்கள் என்கிறது. அடுத்த வருடம் வந்த 'நோஸ்த்ரா ஏத்தாத்தே', அவர்கள் இயேசுவைக் கடவுளாக ஏற்பதில்லை என்பதை மறைக்காமலே, இறைவாக்கினராகப் போற்றுவதையும் மரியாளை மதிப்பதையும் சொல்கிறது.

வத்தளை:
ஏடு சரி. தந்தை, மகன், தூய ஆவி என மூவராய் இருக்கும் ஒரே கடவுள் என்ற திரித்துவத்தை மறுக்கிறார்கள், இயேசுவின் சிலுவைச் சாவையே ஏற்பதில்லை. அப்புறம் எப்படி ஒரே கடவுள்? பிள்ளைகளைக் குழப்ப வேண்டாம்.

மருதானை நானா:
நியாயமான கேள்வி. "மூன்று" என்று சொல்லாதீர்கள் என்று குர்ஆன் 4:171 சொல்கிறது, சிலுவையை 4:157 மறுக்கிறது. இதை நான் ஒளிக்க மாட்டேன். அதே குர்ஆன்தான் 29:46இல், வேதக்காரரோடு, அதாவது யூதரோடும் கிறிஸ்தவரோடும், அழகிய முறையில் தர்க்கம் செய்யுங்கள், "எங்கள் இறைவனும் உங்கள் இறைவனும் ஒருவனே" என்று சொல்லுங்கள் என்கிறது. என் மகள் பிள்ளை சுமந்திருந்தபோது என் உம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஸூரா மர்யம், அதாவது மரியாள் அத்தியாயம், ஓதுவார். அந்தத் தாயின் பெயரில் எங்களிடம் ஒரு அத்தியாயமே இருக்கிறது.

டீச்சர், 5:48ஐயும் பாருங்கள். அல்லாஹ் நாடியிருந்தால் உங்களை ஒரே சமுதாயமாக்கியிருப்பான்; நன்மைகளில் முந்திக்கொள்ளுங்கள்; நீங்கள் கருத்து வேறுபட்டதை அவனே உங்களுக்கு அறிவிப்பான். தீர்ப்பு அவனுடையது. அதைத் தன் கையில் எடுத்தவன்தான் கோயிலுக்குள் குண்டோடு போனான். எங்கள் பிள்ளைகளுக்கும் இதை இப்படியே சொல்கிறோம்.

கொட்டாஞ்சேனை டீச்சர்:
நானா, கடைசியாகச் சொன்னதுதான் எனக்கு வேண்டியிருந்தது. வத்தளை அண்ணா, திரித்துவப் பாடத்தை இந்தப் பாடத்துக்கு முந்திய வாரமே வைக்கிறேன். நம்முடையதே தெரியாமல் அடுத்தவரோடு என்ன பேசுவது? பங்குத்தந்தை சம்மதித்தால் நீங்களே வந்து சொல்வீர்களா, நானா?

மருதானை நானா:
கட்டாயம் வருவேன். லுஹர் என்ற நண்பகல் தொழுகைக்கு முன் என்றால் வசதி.