படையெடுத்த ராணுவம் பேரிழப்பை எத்தனை மாதம் தாங்கும்? 1941 கிழக்கு முனைக் கணக்கு

வடகரை:

1941 ஜூன் 22 அன்று ஜெர்மனி சோவியத் எல்லையைத் தாண்டியபோது கிழக்கே சுமார் 30 லட்சம் ஜெர்மன் வீரர்கள் இருந்தார்கள். தரைப்படைத் தலைமையகத்தின் தலைமை அதிகாரி ஃபிரான்ஸ் ஹால்டர், நவம்பர் கடைசியில் தன் குறிப்பேட்டில் எழுதிய இழப்பு 7,43,112. இறந்தவர், காயம்பட்டவர், காணாமல் போனவர் எல்லாம் இதில் அடக்கம், நோயாளிகள் நீங்கலாக. நாளுக்குக் கிட்டத்தட்ட 4,600 பேர் என்று வைத்துக்கொண்டு 30 லட்சத்தை வகுத்தால் 650 நாள் வருகிறது. ஆனால் டிசம்பர் 5ஆம் தேதி, 167ஆம் நாளில், மாஸ்கோவுக்குப் பக்கத்தில் தாக்குதல் நின்றுபோனது. முக்கால்வாசிப் பேர் மிச்சம் இருக்கும்போதே ஒரு படை எப்படி நிற்கும்? குளிர்தான் காரணம் என்பதைத் தாண்டி, ஆள் கணக்காக யாராவது விளக்க முடியுமா?

தளவாடம்:

வகுத்தல் சரிதான் சார், வகுக்க எடுத்துக்கொண்ட தொகைதான் தவறு. 30 லட்சம் பேரும் சுடும் தூரத்தில் நிற்பதில்லை. அன்றைய ஜெர்மன் காலாட்படை டிவிஷன் ஒன்றில் சுமார் 17,000 பேர். பீரங்கிக்காரர்கள், குதிரை வண்டி ஓட்டுபவர்கள், சமையல், தபால், மருத்துவம், பொறியாளர்கள் எல்லாரையும் கழித்துவிட்டுப் பாருங்கள். 9 பட்டாலியன், ஒவ்வொன்றிலும் 3 ரைஃபிள் கம்பெனி, ஆக 27 கம்பெனி. கம்பெனிக்குத் தாளில் சுமார் 190 பேர். மொத்தம் 5,100 பேர். டிவிஷனில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

இழப்பில் மிகப் பெரும்பகுதி விழுவது இந்த 5,100 பேர் தலையில்தான். டிவிஷன் 3,000 பேரை இழந்தால் தலைமையகத்துக்குப் போகும் தாளில் 18 சதவீதம் என்று இருக்கும். அந்த 3,000இல் 2,400 பேர் ரைஃபிள் கம்பெனிக்காரர்கள் என்று வைத்தால், முன்வரிசையில் ஏறக்குறைய பாதி காலி. சமையல்காரரும் எழுத்தரும் பத்திரமாக இருப்பதால் டிவிஷன் பெரிதாகத்தான் தெரியும்.

ஹால்டரே இதை எழுதியிருக்கிறார். நவம்பர் 30 குறிப்பில், கிழக்குப் படைக்கு 3,40,000 ஆள் பற்றாக்குறை, அது காலாட்படையின் சண்டை பலத்தில் 50 சதவீதம், கம்பெனிகளில் 50, 60 பேர்தான் இருக்கிறார்கள் என்கிறார். உங்கள் 650 நாள் சுருங்கியது இங்கேதான்.

60 பேர் உள்ள கம்பெனி ஏன் தாக்க முடியாது என்பதையும் பார்த்துவிடலாம். முழு கம்பெனியில் 3 பிளாட்டூன், ஒவ்வொன்றிலும் 10 பேர் கொண்ட 4 குழு, குழுவுக்கு ஓர் இலகு இயந்திரத் துப்பாக்கி. 12 குழு இருந்தால் சில சுடும், சில நகரும், ஒன்றிரண்டு பின்னால் காத்திருந்து கிடைத்த இடத்தைப் பிடிக்கும். 60 பேராகிவிட்டால் கம்பெனித் தலைமை, செய்தி கொண்டு ஓடுபவர்கள், மோர்ட்டார்காரர்கள், குண்டுப்பெட்டி சுமப்பவர்கள் போக மிஞ்சுவது நாலு குழு. ஒருவர் காயம்பட்டால் அவரைத் தூக்க இருவராவது வேண்டும். மூன்று பேர் அடிபட்டால் ஒரு குழுவே பின்னால் போய்விடும். பிடித்த பதுங்குகுழியில் இரவு காவலுக்கு ஆள் மாற்றவும் வழியில்லை. அதே 60 பேரைக் குழிக்குள் உட்கார வைத்து, இயந்திரத் துப்பாக்கிகளோடு ஒரு கிராமத்தைக் காக்கச் சொல்லுங்கள், வாரக்கணக்கில் காப்பார்கள். தாக்கும் திறன் முதலில் போகும், காக்கும் திறன் வெகு நாள் கழித்துத்தான் போகும். படையெடுத்து வந்தவனுக்கு முதலாவதுதான் உயிர். நீங்கள் கேட்ட "எத்தனை மாதம்" அதற்கான கெடுதான்.

கோட்டைமேடு:

நல்ல விளக்கம். ஆனால் குளிரை ஒதுக்கிவிடக் கூடாது. லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் பனிக்கடியால், அதாவது குளிரில் கைகால் உறைந்து, முடங்கினார்கள். டாங்கி இன்ஜின் கிளம்பவில்லை, துப்பாக்கி எண்ணெய் உறைந்தது. குளிர் இல்லாவிட்டால் அந்த 60 பேராவது மாஸ்கோ போயிருப்பார்களே?

தளவாடம்:

தேதி வாரியாகப் பாருங்கள். ஆகஸ்ட் முடியும்போதே இழப்பு 4 லட்சத்தைத் தாண்டிவிட்டது. நவம்பர் வரையான மொத்தத்தில் பாதிக்கு மேல் வெயில் காலத்திலேயே போய்விட்டது. மிக மோசமான மாதங்கள் ஜூலையும் ஆகஸ்டும்தான், நவம்பர் அல்ல. பனிக்கடி பெருவாரியாக வந்தது அதன் பிறகு, ஏற்கெனவே இளைத்துப்போன கம்பெனிகளுக்கு.

மே மாதத்திலேயே, இழந்தவர்களின் இடத்தை நிரப்பும் பதிலாள் படைக்குப் பொறுப்பான ஜெர்மன் தளபதி ஃபிரோம் போட்ட கணக்கு ஒன்று இருக்கிறது. எல்லைச் சண்டைகளில் 2,75,000 இழப்பு, செப்டம்பரில் இன்னும் 2,00,000. கையில் இருக்கும் பயிற்சி பெற்ற பதிலாட்கள் அக்டோபர் வாக்கில் தீர்ந்துவிடுவார்கள். இதைத் தெரிந்துதான் போனார்கள். அதற்குள் போர் முடிந்துவிடும் என்பதுதான் திட்டத்தின் அடிப்படையே. முடியவில்லை என்றால் என்ன செய்வது என்று இன்னொரு திட்டம் இல்லை. எனக்கு இந்தப் படையெடுப்பிலேயே பெரிய குற்றமாகப் படுவது இந்தக் கணக்கைப் பார்த்தும் கிளம்பியதுதான். அந்த ஐந்து மாதத்துக்கு விலை கொடுத்தவர்கள் இரு பக்கமும் லட்சக்கணக்கானவர்கள்.

இருப்புப்பாதை:

பதிலாட்கள் இருந்தாலும் போய்ச் சேர வேண்டும். இதை யாரும் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன்.

சோவியத் ரயில் பாதையின் அகலம் 1,524 மில்லிமீட்டர், ஜெர்மன் பாதை 1,435. 89 மில்லிமீட்டர் வித்தியாசத்துக்காக ஒரு பக்கத் தண்டவாளத்தைப் பிடுங்கி நகர்த்தி அடிக்க வேண்டும். மரக்கட்டையில் ஆணி அடித்த பாதை என்பதால் அந்த வேலை வேகமாகவே நடந்தது. சிக்கியது வேறு இடத்தில். சோவியத் இன்ஜின்கள் பெரியவை, அதிக தூரம் தண்ணீர் இல்லாமல் ஓடும். அதனால் தண்ணீர் நிலையங்கள் தள்ளித் தள்ளி இருந்தன. ஜெர்மன் இன்ஜினுக்கு இடையில் புதிதாகக் கட்ட வேண்டியிருந்தது. ஜெர்மன் இன்ஜின்களில் நீர்க்குழாய்கள் வெளிப்புறமாகப் போகும். டிசம்பர் வந்ததும் அவை வெடித்துப் பெரும்பாலான இன்ஜின்கள் படுத்துக்கொண்டன.

ஒரு சரக்கு ரயில் சுமார் 450 டன். அதில் குண்டு ஏற்றலாம், பெட்ரோல் ஏற்றலாம், கம்பளி உடை ஏற்றலாம், இல்லை பதிலாள் பட்டாலியனை ஏற்றலாம். எல்லாவற்றுக்கும் ஒரே பாதை. நவம்பரில் மாஸ்கோ தாக்குதலுக்குக் குண்டும் எரிபொருளும் முதலில் என்று முடிவானதால் குளிர் உடைகள் போலந்தில் தேங்கிக் கிடந்தன. முன்னால் ஆள் குறையக் குறையப் பின்னாலிருந்து வருவதும் குறைந்தது. ரயில் நின்ற இடத்திலிருந்து லாரி, லாரி போகாத சேற்றில் குதிரை. 6 லட்சத்துக்கு மேல் குதிரைகளோடு போன படை அது. முதல் குளிர்காலம் முடிவதற்குள் சுமார் 1.8 லட்சம் குதிரைகள் செத்தன. குதிரை செத்தால் பீரங்கி நகராது. அப்புறம் 60 பேர் கம்பெனிக்குத் துணையாகச் சுட ஆளில்லை.

இன்னொன்று. பதிலாட்கள் வந்ததும் நேரே குழிக்குள் தள்ளுவது ஜெர்மன் வழக்கம் அல்ல. டிவிஷனுக்குப் பின்னால் ஒரு பதிலாள் பட்டாலியன் இருக்கும். அங்கே அதே டிவிஷனின் அனுபவசாலிகள் சில வாரம் பழக்கிவிட்டு அனுப்புவார்கள். நெருக்கடியில் இந்தப் படி விட்டுப்போனது. எதிரி மோர்ட்டார் எந்தப் பக்கத்திலிருந்து வரும், எந்த மரத்தடியில் நிற்கக் கூடாது என்று தெரியாதவர்கள் முதல் வாரத்திலேயே விழுவார்கள். வந்த எண்ணிக்கையை வைத்துப் பலத்தைக் கணக்கிட்டால் அதனாலேயே தவறும்.

வடகரை:

தெளிவாயிற்று, நன்றி. அப்படியானால் இழப்பு இந்த அளவுக்குப் போனால் எந்தப் படையெடுப்பும் ஐந்தாறு மாதத்தில் நின்றுவிடும் என்று பொதுவாகச் சொல்லலாமா?

கோட்டைமேடு:

சொல்ல முடியாது. எதிர் உதாரணம் இரண்டு வருடம் முன்னாலேயே இருக்கிறது. 1939 நவம்பர் 30இல் சோவியத் படை பின்லாந்துக்குள் நுழைந்தது. 105 நாள் போர். சோவியத் பக்கம் இறந்தவர், காணாமல் போனவர் மட்டும் சுமார் 1,27,000. காயம், நோய், பனிக்கடி இன்னும் இரண்டரை லட்சத்துக்கு மேல். சுவோமுசால்மியில் இரண்டு டிவிஷன்கள் காட்டுப் பாதையில் துண்டு துண்டாக நறுக்கப்பட்டன. தொடக்கத்தில் இறக்கிய ஆட்களோடு ஒப்பிட்டால் ஜெர்மன் இழப்பைவிட வேகமான இழப்பு. ஆனாலும் நிற்கவில்லை.

காரணம், சோவியத் தலைமை ஜனவரியில் பெரிய தாக்குதலை நிறுத்திக்கொண்டது. தளபதி திமொஷென்கோ தலைமையில் புது முனையை அமைத்தார்கள். பின்லாந்தின் பதுங்கு அரண்களைப் போலவே பின்னால் கட்டி, காலாட்படையும் டாங்கியும் பீரங்கியும் சேர்ந்து உடைப்பதை ஒத்திகை பார்த்தார்கள். தொடக்கத்தில் சுமார் நாலரை லட்சமாக இருந்த படை மார்ச் மாதம் ஏழரை லட்சத்தைத் தாண்டியது. பிப்ரவரி 11 அன்று சும்மா (Summa) என்ற ஊர்ப் பகுதியில் பின்லாந்தின் அரண் வரிசை உடைந்தது. அப்போது பின்லாந்தில் பீரங்கிக் குண்டும் தீர்ந்துகொண்டிருந்தது, மாற்றி அனுப்ப ஆளும் இல்லை. மொத்த மக்கள்தொகையே 37 லட்சம், இறந்த வீரர்கள் சுமார் 26,000. மார்ச் 13இல் துப்பாக்கிகள் ஓய்ந்தன.

ஆக, இழப்பு விகிதத்தை மட்டும் பார்த்து நாள் குறிக்க முடியாது. பதிலாள் வரும் வேகம், இடையில் நிறுத்திக்கொள்ள அவகாசம் இருக்கிறதா, எதிராளிக்கு எவ்வளவு மிச்சம், இந்த மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1941இல் ஜெர்மனிக்கு மூன்றுமே எதிராக இருந்தன. சோவியத் பக்கம் அந்த ஆண்டில் இறந்தும் பிடிபட்டும் திரும்பாமல் போனவர்கள் 30 லட்சத்துக்கு மேல். ஆனால் போர் தொடங்கிய உடனேயே 1905 முதல் 1918 வரை பிறந்தவர்களை அழைத்து 50 லட்சத்துக்கு மேல் திரட்டிவிட்டார்கள்.

தளவாடம்:

இதோடு இம்பாலையும் சேர்க்க வேண்டும், நம் நாட்டு மண்ணில் நடந்தது. 1944 மார்ச்சில் தளபதி முதகுச்சியின் ஜப்பானிய 15ஆம் படை, மூன்று டிவிஷன்களோடு பர்மாவின் சின்ட்வின் ஆற்றைத் தாண்டியது. சுமார் 85,000 பேர். மூன்று வாரத்தில் இம்பாலைப் பிடித்து, பிரிட்டிஷ் கிடங்குகளில் இருந்தே சாப்பிடலாம் என்று திட்டம். கூடவே ஓட்டிச் சென்ற மாடுகளில் பல ஆற்றிலும் மலையிலும் செத்தன. கோஹிமாவில் 31ஆம் டிவிஷனை நடத்திய சாதோ, ஏப்ரல் முழுக்க உணவும் குண்டும் கேட்டுப் பார்த்துவிட்டு, மே கடைசியில் உத்தரவை மீறிப் பின்வாங்கத் தொடங்கினார். மூன்று டிவிஷன் தளபதிகளும் நீக்கப்பட்டார்கள். ஜூலையில் நடவடிக்கை கைவிடப்பட்டபோது இழப்பு 50,000க்கு மேல். இறந்தவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது பசி, மலேரியா, வயிற்றுப்போக்கு. அந்தப் பக்கம் பிரிட்டிஷ் தளபதி ஸ்லிம் தன் 14ஆம் படைக்கு விமானத்தில் அரிசியும் குண்டும் கொண்டுவந்து, திரும்பும் விமானத்தில் காயம்பட்டவர்களை அனுப்பினார். இங்கே கெடு மூன்று மாதம்கூட இல்லை. பதிலாள் வந்திருந்தாலும் அவர்களுக்கும் சேர்த்துச் சோறு இல்லை.

வடகரை:

கடைசியாக ஒன்று. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இழப்பு எண்ணிக்கை நம்பகமாகக் கிடைக்காது. இரு தரப்பும் கூட்டிக் குறைத்துச் சொல்வார்கள். தாக்கும் திறன் தீர்ந்துவிட்டதை எதை வைத்து அறிவது?

இருப்புப்பாதை:

எவ்வளவு அகலத்தில் தாக்குகிறார்கள் என்று பாருங்கள். அதை மறைக்க முடியாது. 1941இல் ஜெர்மனி பால்டிக் கடலிலிருந்து கருங்கடல் வரை மூன்று படைத் தொகுதிகளோடும் ஒரே நேரத்தில் தாக்கியது. 1942 ஜூன் 28இல் தொடங்கிய கோடைத் தாக்குதல் தெற்குப் பகுதியில் மட்டும். 1943 ஜூலையில் கூர்ஸ்க் அருகே சோவியத் முனை முன்னால் துருத்திக்கொண்டிருந்த ஒரு புடைப்பை மட்டும் இரு பக்கமிருந்து வெட்டும் முயற்சி, அதுவும் இரண்டு வாரத்துக்குள் கைவிடப்பட்டது. அதற்குப் பிறகும் கிட்டத்தட்ட இரண்டு வருடம் சண்டை போட்டார்கள், தற்காத்துக்கொண்டே.

இரண்டாவது, புதிய ஆட்கள் எங்கிருந்து வருகிறார்கள் என்பது. 1941 டிசம்பருக்குப் பிறகு, ஆலை வேலைக்காக ராணுவச் சேவையிலிருந்து விலக்கு பெற்றவர்களையே இழுக்க ஆரம்பித்தார்கள். ஆலைகளில் காலியான அந்த இடங்களை நிரப்ப 1942 மார்ச்சில் சௌக்கல் என்ற நாஜித் தலைவரை நியமித்து, பிடித்த நாடுகளிலிருந்து மக்களைக் கட்டாய வேலைக்குக் கொண்டுபோனார்கள்.

மூன்றாவது, டிவிஷன் எண்ணிக்கை குறையாமல் உள்ளே இருப்பது குறைவது. 1942 மார்ச் கடைசியில் தலைமையகமே எடுத்த கணக்கில், கிழக்கே இருந்த 162 டிவிஷன்களில் எல்லாப் பணிக்கும் தகுதியானவை 8. 16 டாங்கி டிவிஷன்களையும் சேர்த்து ஓடும் நிலையில் இருந்த டாங்கி 140. கோடைத் தாக்குதலுக்குத் தெற்கை நிரப்புவதற்காக வடக்கிலும் நடுவிலும் பெரும்பாலான காலாட்படை டிவிஷன்களை 9 பட்டாலியனிலிருந்து 6ஆகக் குறைத்தார்கள். வரைபடத்தில் அதே டிவிஷன், அதே எண், அதே கொடி. தளவாடம் சொன்ன 27 கம்பெனி 18 ஆகிவிட்டது.