இரண்டு மாதத்தில் இழப்பீடாம்!

கறுப்புக்கோட்டு: நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார்: "குற்றத்தால் பாதிக்கப்பட்டவர் மனு கொடுத்தால் இரண்டே மாதத்தில் இழப்பீடு கையில், சட்டமே சொல்கிறது." எந்தச் சட்டம்? பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 357ஏ, 2024 ஜூலை முதல் அதற்குப் பதிலாக வந்த பிஎன்எஸ்எஸ் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) 396, இரண்டிலும் இருப்பது இதுதான்: இலவச சட்ட உதவிக்கான அமைப்பான சட்டப்பணிகள் ஆணைக்குழு, மனு மீதான தன் விசாரணையை இரண்டு மாதத்தில் முடிக்க வேண்டும். விசாரணையை! பணத்தை அல்ல.

வழிப்போக்கன்: அந்த "ஒருவருக்கு" பெயர் இருக்கிறது, நான்தான். விசாரணையை முடித்து இழப்பீடு வழங்க வேண்டும் என்றுதான் வாக்கியம் முழுதாக இருக்கிறது. பாதி வாக்கியத்தோடு நிறுத்திக்கொள்வது உங்கள் பழக்கம் போல.

கறுப்புக்கோட்டு: வழங்குவது என்றால் உத்தரவு போடுவது. உத்தரவு வேறு, வங்கிக் கணக்கில் பணம் ஏறுவது வேறு. இரண்டு மாதம் விசாரணைக்கு.

மல்லிகை: குற்றவாளி யாரென்றே தெரியாமல் வழக்கு நீதிமன்ற விசாரணைக்கு வராவிட்டாலும் மனு கொடுக்கலாம். குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலையானாலும் நீதிமன்றம் இழப்பீட்டுக்குப் பரிந்துரைக்கலாம். இது தெரியாமல் என் உறவினர் ஒருவர் தீர்ப்பு வரட்டும் என்று நாலு வருஷம் சும்மா இருந்துவிட்டார். அதைப் பற்றிப் பேசுங்களேன்.

கறுப்புக்கோட்டு: அதை யாரும் மறுக்கவில்லை அம்மா. பேச்சு இரண்டு மாதத்தைப் பற்றி.

வழிப்போக்கன்: காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியோ மாஜிஸ்திரேட்டோ சான்று கொடுத்தால் இலவச சிகிச்சை, இடைக்கால நிவாரணம் எல்லாம் உடனே தர உத்தரவிடலாம். அதற்கு இரண்டு மாதமே தேவையில்லை. சரிதானே?

கறுப்புக்கோட்டு: இரண்டு மாதம் சொல்லும் ஐந்தாம் உட்பிரிவில் மாட்டிக்கொண்டு, சிகிச்சை பற்றிய ஆறாம் உட்பிரிவில் போய் ஒளிகிறீர்கள். சாட்சிப் பாதுகாப்பு விஷயத்திலும் இதே கதைதான். "வாழ்நாள் பாதுகாப்பு" என்று அளந்தீர்கள். உச்ச நீதிமன்றம் ஏற்ற 2018 சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தில் ஒரு தடவைக்கு மூன்று மாதத்துக்கு மேல் கிடையாது என்று எடுத்துப் போட்டேன். இன்றுவரை பதில் இல்லை.

வழிப்போக்கன்: "ஒரு தடவைக்கு" என்று நீங்களே சொல்கிறீர்கள். திரும்பக் கேட்கலாம் என்றுதானே அர்த்தம்?

நாற்காலி: மூன்று மாதமோ முப்பது மாதமோ, மிரட்டல் வந்த அன்று ராத்திரி யார் வருவார்? மனு, மிரட்டல் எவ்வளவு ஆபத்தானது என்று போலீஸ் தரும் அச்சுறுத்தல் அறிக்கை, மாவட்ட நீதிபதி தலைமையில் குழு. அதற்குள் அந்தச் சாட்சி சொன்னதை மாற்றிச் சொல்லிப் பிறழ் சாட்சி ஆகிவிடுவார்.

கறுப்புக்கோட்டு: அறிக்கைக்கு ஐந்து வேலை நாள்தான் கெடு. அவசரமென்றால் இடைக்காலப் பாதுகாப்புக்கே உத்தரவு போடலாம். படித்துவிட்டு வாருங்கள்.

நாற்காலி: இரண்டு மாதம் என்றால் பணம் வராது, ஐந்து நாள் என்றால் மட்டும் அறிக்கை டாணென்று வந்துவிடுமா! நல்ல நியாயம்.

வழிப்போக்கன்: அப்படிக் கேளுங்கள் 😀

கறுப்புக்கோட்டு: இருபத்திரண்டு வருஷமாக நீதிமன்றப் படி ஏறி இறங்குகிறேன். உத்தரவு வந்த பிறகும் நிதி வரவில்லை என்று காத்துக் கிடப்பவர்களைக் கண்ணால் பார்க்கிறேன். நீங்கள் "கையில் பணம்" என்று எழுதுவதை நம்பி ஒருவர் கடன் வாங்கினால் வட்டியை யார் கட்டுவார்? நீங்களா? விசாரணைக்கு இரண்டு மாதம். மறுபடியும் எழுதுகிறேன், வி-சா-ர-ணை-க்-கு.

நாற்காலி: படி ஏறுவது வக்கீலாகவா, வக்கீல் குமாஸ்தாவாகவா?

கறுப்புக்கோட்டு: குமாஸ்தா என்றால் அவ்வளவு இளக்காரமா? பாதி வழக்குகளை நகர்த்துவதே அவர்கள்தான். வார்த்தையை அளந்து பேசுங்கள்.

நாற்காலி: கேள்விக்குப் பதில் வரவில்லை. குறித்துக்கொள்கிறேன்.

மல்லிகை: சண்டைக்கு நடுவே ஒன்று கேட்கிறேன். அந்த மனுவை எங்கே கொடுப்பது?

கறுப்புக்கோட்டு: மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில். வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமில்லை. முதல் தகவல் அறிக்கை, மருத்துவச் சான்று நகல்களை எடுத்துப் போங்கள். இரண்டு மாதம் விசாரணைக்குத்தான், அதையும் நினைவில் வையுங்கள்.

வழிப்போக்கன்: "வழங்க வேண்டும்" என்பதை மறுபடியும் விழுங்கிவிட்டார், பாருங்கள்.