பேராசிரியர் வில்சனும் மாமாவின்ர கொப்பியும்

இலங்கைத் தமிழ் அரசறிவியல் பேராசிரியர் ஏ. ஜெயரட்ணம் வில்சனைத் துரோகி எண்டு சிலர் சொல்லுற கதை வந்தபடியா எழுதுறன். நான் அவரை நேர கண்டதில்ல, என்ட மாமாதான் 60கள்ல பேராதனைப் பல்கலைக்கழகத்தில அவரிட்ட அரசறிவியல் படிச்சவர். அங்க அந்தப் பாடத்துக்கு முதல் பேராசிரியர் அவர்தான்.

மாமாவின்ர லெக்சர் கொப்பி இப்ப என்னட்ட இருக்கு. நீல மை மங்கிப்போச்சு, ஆனா ஒரு பக்கத்தில 29(2) எண்டு எழுதி ரெண்டு தரம் கீறிக் கிடக்கு. சோல்பரி யாப்பில, அதாவது சுதந்திரம் கிடைச்ச காலத்து அரசியல் யாப்பில, சிறுபான்மைக்குப் பாகுபாடு காட்டுற சட்டம் போடேலாது எண்ட பிரிவு அது. 1972 யாப்பில அதை எடுத்துப்போட்டாங்கள். அந்தக் காலத்திலதான் வில்சனும் கனடாவுக்கு, நியூ பிரன்சுவிக் பல்கலைக்கழகத்துக்குப் போனவர்.

பேந்துதான் பிரச்சினை. தமிழரசுக் கட்சித் தலைவர் தந்தை செல்வாவின்ர (செல்வநாயகம்) மகளைக் கட்டின மருமோன், சனாதிபதி ஜே.ஆர். ஜெயவர்தனாவுக்கும் தமிழர் விடுதலைக் கூட்டணிக்கும் நடுவில 1978ல இருந்து 83 வரைக்கும் தூது போனவர், மாவட்ட அபிவிருத்திச் சபைகளுக்கு அமைச்ச ஆணைக்குழுவிலயும் இருந்தவர். தனிநாடு கேட்டு 77ல வோட்டு வாங்கின கட்சிய காசும் அதிகாரமும் இல்லாத சபைக்குள்ள கொண்டுபோய் விட்டிட்டார் எண்டு பெடியளுக்குக் கோவம், மாமாவுக்கு அதைவிடக் கோவம். அந்தச் சபைகளுக்கு 1981 ஜூன் 4 தேர்தல், அதுக்குச் சில நாளுக்கு முந்தித்தான் எங்கட யாழ்ப்பாண நூலகத்த எரிச்சவங்கள். மாமா அடுத்தநாள் சைக்கிள்ல போய்ப் பார்த்தவர், கருகின தாள் காத்தில வந்து சேட்டில ஒட்டினதாம். அதுக்குப் பிறகு கன வருசம் 'சேர்' எண்ட சொல்லே அவற்ற வாயில வரேல்ல.

ரொறன்ரோவுக்கு வந்தபிறகு 1988ல வில்சன் எழுதின 'இலங்கையின் உடைவு' புத்தகத்த லைப்ரரியில எடுத்து மாமாட்டக் குடுத்தன். தான் ஆரோட என்ன பேசினவர், ஜே.ஆர். எவ்வளவு தூரம் இறங்கி வந்தார், எங்க நிண்டார் எண்டு எல்லாம் அதில இருக்கு. ரெண்டு இரவு நித்திரை இல்லாம வாசிச்சவர். விடியப்புறம் குசினியில இருந்து, "மனுசன் நம்பித்தான் போயிருக்கு, நம்பினது பிழையாப் போச்செண்டு தானே எழுதி வச்சிருக்கு, எங்கட தலைவர்மாரில ஆர் இப்பிடி எழுதினது?" எண்டார்.

எனக்கும் அதுதான் நிலைப்பாடு. ஜே.ஆரை நம்பினது பெரிய பிழை, நான் அதை மழுப்பேல்ல. ஆனா துரோகி எண்டு சொல்லுறவை அந்தப் புத்தகத்தத் தொட்டும் பாக்கேல்ல எண்டுதான் நினைக்கிறன். அவர் 1994ல செல்வநாயகத்தின்ர சரித்திரம் எழுதினவர், 2000ல தமிழ்த் தேசியத்தப் பற்றின புத்தகம், அந்த வருசமே ரொறன்ரோவில காலமாகிட்டார். செய்தி வந்த அண்டுதான் மாமா பெட்டியத் திறந்து கொப்பிய எடுத்து என்னட்டத் தந்தவர், "சேர் படிப்பிச்சது, கவனமா வை" எண்டு.

பேராதனையில அவரிட்டப் படிச்ச வேற ஆக்கள் இருந்தா எழுதுங்கோ, 29(2)ஐப் பற்றி வகுப்பில என்ன சொன்னவர் எண்டு அறிய ஆசை.