புதுப்பிப்பு: முடி உதிர்வு மருந்து, ஒன்பது மாதங்களின் பின்

தைப்பொங்கலை அண்டி மருந்து தொடங்கியபோது, எத்தனை மாதத்தில் பலன் தெரியும் என்று இங்கே கேட்டிருந்தேன். தோல் வைத்தியரின் ஆலோசனைப்படி நாளொன்றுக்கு 1 மில்லிகிராம் பினாஸ்டரைட் மாத்திரையும், இரு வேளை தலையில் பூசும் 5 சதவீத மினொக்சிடில் திரவமும் பாவித்து வருகிறேன்.

ஆறாவது வாரத்தில் முடி முன்னரைவிட அதிகமாகக் கொட்டியது. கிணற்றடியில் முழுகும்போது கையோடு வந்த மயிரைக் கண்டு மருந்தை நிறுத்திவிடவே எண்ணினேன். (அம்மா வழக்கம்போல் எங்கள் சுண்ணாம்புத் தண்ணீரைத்தான் குறை சொன்னார்.) ஆனால் மினொக்சிடில், ஓய்வு நிலையிலுள்ள வேர்களைப் புதிய வளர்ச்சிச் சுற்றுக்குள் தள்ளுவதால் பழைய மயிர் முதலில் உதிர்வது இயல்பென்றும், சில வாரங்களில் அது அடங்கிவிடும் என்றும் வைத்தியர் விளக்கினார், மூன்றாம் மாதத்தில் அவ்வாறே அடங்கியது.

நல்லூர்க் கொடியேற்றத்தை அண்டிய ஏழாம் மாதத்தில், உச்சந்தலை மயிர் சற்றுத் தடித்திருப்பதைச் சலூன்காரர்தான் முதலில் கவனித்தார். நெற்றியோரத்தில் இன்றுவரை மாற்றமில்லை. முடி மாதத்துக்கு ஏறத்தாழ 1 சென்ரிமீற்றரே வளர்வதால் இந்தத் தாமதம் எனக்கு வியப்பளிக்கவில்லை. முழுப் பலனை 12 மாதங்களின் பின்னரே மதிப்பிடலாம். நிறுத்தினால், கிடைத்ததும் ஏறத்தாழ ஓராண்டுக்குள் போய்விடும்.

பக்கவிளைவு பற்றிக் கேட்டவர்களுக்கு: சிலருக்குப் பாலியல் நாட்டம் குறையலாம், எனக்கு அப்படி நேரவில்லை. பினாஸ்டரைட், ஆண்களின் புரஸ்டேற் சுரப்பிக்கான இரத்தப் பரிசோதனையின் (PSA) அளவை ஏறத்தாழ அரைவாசியாகக் குறைத்துக் காட்டுவதால், வயதில் மூத்தவர்கள் இதைத் தம் வைத்தியரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.